ஓர் ஆய்வேட்டின் இணையச் சான்றுகளைப் பழுதுபார்த்த பதிவு

மதுரை வட்டாரக் கண்மாய்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றில் இருந்த இணையச் சான்றுகள் அத்தனையையும் பிரித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மறுபடி கோத்து முடித்தாயிற்று. நெறியாளர் பட்டியலை ஏற்றுக்கொண்டு பைண்டிங்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். எந்த வழி பயன்பட்டது, எந்த வழி பயன்படவில்லை என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நாகமலை புதுக்கோட்டையில் ஆய்வேடு தட்டச்சு, அச்சு, பைண்டிங் செய்யும் சிறு கடை என்னுடையது. வழக்கமாகத் துணைநூற்பட்டியலைக் கொடுத்தபடியே தட்டி, ஓரம் ஒதுக்கி, அச்சடித்துத் தருவதோடு என் பொறுப்பு முடிந்துவிடும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த இந்தத் தம்பியின் ஆய்வேட்டில் அது முடியவில்லை. பட்டியல் 11 பக்கம். அதில் பாதிக்கும் மேல் இணையம். நெறியாளரின் சிவப்பு மை ஓரமெல்லாம் ஓடியிருந்தது. "திறக்கவில்லை." "யார் எழுதியது?" "எந்தத் தேதியில் பார்த்தது?" ஓரிடத்தில், "இதை நீ பார்த்தாயா?"

பட்டியலின் கடைசிப் பகுதிக்கு 'இணையதளங்கள்' என்று தலைப்பு. அதன்கீழ் வெறும் முகப்பு முகவரிகள்: ஒரு நாளிதழின் முகப்பு, ஓர் அரசுத் துறையின் முகப்பு, தமிழ் விக்கிப்பீடியா, அப்புறம் கூகுள். கூகுளைச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகள் என் கடைக்கு நிறைய வருகின்றன. கூகுள் எதையும் எழுதவில்லை. இருக்கும் இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நூலகத்தில் அலமாரியைக் காட்டிய ஊழியரை நூலாசிரியர் என்று யாரும் எழுதுவதில்லை. அந்த வரியை முதலிலேயே அடித்துவிட்டோம்.

முதல் சிக்கல் எழுத்துருவில்

கோப்பைத் திறந்ததும் தெரிந்தது, பிரச்சினை சான்றுகளிலிருந்து தொடங்கவில்லை, எழுத்துருவிலிருந்து தொடங்குகிறது. தம்பி முதல் மூன்று இயல்களைப் பாமினி என்ற எழுத்துருவில் தட்டியிருந்தார். பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழ் உருவத்தில் காட்டுகிறது. அதே எழுத்துருவில் இணைய முகவரியை ஒட்டினால் தொடக்கத்தில் வரும் மூன்று டபிள்யூவும் 'றறற' என்று நிற்கும். கடைசியில் வரும் 'காம்' என்பது 'உழஅ' ஆகிவிடும். அந்த இடத்தை மட்டும் டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றினால் முகவரி பழையபடி தெரிந்துவிடும். இது எளிய வேலை.

ஆனால் தம்பி இடையில் வேறொரு கடையில் கொடுத்து முழுக் கோப்பையும், தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றியிருந்தார். மாற்றும் மென்பொருளுக்கு எது தமிழ், எது முகவரி என்று தெரியாது. எல்லாவற்றையும் உண்மையான தமிழ் எழுத்தாக்கிவிட்டது. இப்போது எழுத்துருவை எதற்கு மாற்றினாலும் 'றறற' போகாது. யூனிகோடிலிருந்து மறுபடி பாமினிக்குத் திருப்பிப் பார்த்தேன். பல முகவரிகள் மீண்டன. சிலவற்றில் கொம்பும் இணைக்கொம்பும் இடம் மாறி உட்கார்ந்ததால் எழுத்துகள் முன்பின்னாகிவிட்டன. இணைய முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் போதும், கதவு திறக்காது. அந்த வழியை விட்டுவிட்டு, தம்பியின் பழைய பென் டிரைவில் இருந்த மூலக் கோப்பைத் தேடி எடுக்கச் சொன்னேன். அதில் முகவரிகளை மட்டும் முதலில் வெட்டித் தனித் தாளில் வைத்துவிட்டு, மிச்சத்தை என்எச்எம் கன்வர்ட்டரில் மாற்றினேன். சுத்தமாக வந்தது. மாற்றுவதற்கு முன் முகவரிகளைப் பிரித்துவிட வேண்டும். மாற்றிய பிறகு அல்ல.

தமிழ்த் தலைப்புள்ள பக்கங்களின் முகவரி இன்னொரு தொல்லை. உலாவியில் பார்க்கும்போது 'மதுரை' என்று அழகாகத் தெரியும். நகல் எடுத்து வேர்டில் ஒட்டினால் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வரும். காரணம் இதுதான்: யூனிகோடில் 'மதுரை' என்பது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாகிறது. ஆக, 'மதுரை' என்ற ஒரு சொல்லுக்கு 45 எழுத்து. நீளமான தலைப்பு என்றால் முகவரி நாலு வரி போகும். அச்சில் வரி உடையும் இடத்தில் சிலர் இணைப்புக்கோடு போடுவார்கள். அந்தக் கோடும் முகவரியின் பகுதி என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நான் இரண்டு வேலை செய்தேன். விக்கிப்பீடியா போன்ற தளங்களில் பக்க எண்ணை மட்டும் கொண்ட குறுகிய இணைப்பு கிடைக்கும், அதை எடுத்தேன். மற்றவற்றில் சாய்கோட்டுக்குப் பின் மட்டும் வரியை உடைத்தேன், கோடு எதுவும் சேர்க்காமல். இன்னொன்று: வேர்ட் இணைப்புகளுக்குத் தானாகவே அடிக்கோடு போடும். முகவரிக்குள் இருக்கும் கீழ்க்கோடு அந்த அடிக்கோட்டில் மறைந்து, அச்சில் இடைவெளி போலத் தெரியும். எல்லா முகவரிகளுக்கும் அடிக்கோட்டையும் நீல நிறத்தையும் எடுத்துவிட்டேன்.

தாள்

ஒரு விரிதாளில் ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு வரி போட்டேன். நெடுவரிசைகள்: ஆய்வேட்டில் எந்தப் பக்கத்தில் வருகிறது, எந்த வாக்கியத்துக்காக வருகிறது, எழுதியவர், தலைப்பு, வெளியான நாள், தளத்தின் பெயர், முகவரி, தம்பி பார்த்த நாள், காப்பக நகல் (பக்கம் மறைந்தாலும் பார்க்கக் கிடைக்கும் சேமித்த பிரதி). இவற்றில் இரண்டாவது நெடுவரிசைதான் பிற்பாடு எல்லாவற்றையும் காப்பாற்றியது. 'எந்த வாக்கியத்துக்காக' என்று எழுத உட்கார்ந்தபோதே பட்டியலில் கணிசமான சான்றுகள் எந்த வாக்கியத்துக்கும் சொந்தமில்லாமல் இருப்பது தெரிந்தது. பட்டியல் கனமாக இருக்கட்டும் என்று சேர்த்தவை. எடுத்துவிட்டோம். ஆய்வேட்டின் உடலில் மேற்கோள் இருந்து பட்டியலில் இல்லாதவையும் சில இருந்தன, அவற்றைச் சேர்த்தோம்.

முகவரிகளைத் தாளில் ஏற்றும்போதே கழுவ வேண்டியிருந்தது. முகநூலிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ எடுத்த இணைப்புகளில் கேள்விக்குறிக்குப் பின்னால் நீண்ட வால் ஒட்டியிருக்கும். யார் எங்கிருந்து வந்தார் என்று கண்காணிக்க வைத்தது. அதை வெட்டினாலும் பக்கம் திறக்கும். ஆனால் எல்லாக் கேள்விக்குறியும் அப்படியல்ல. சில அரசுத் தளங்களில் கேள்விக்குறிக்குப் பின் வரும் எண்தான் ஆவணத்தின் எண். வெட்டினால் முகப்புக்குப் போய்விடும். வெட்டியதும் ஒருமுறை திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கல்லூரி நூலகத்தின் கணக்கு வழியாக எடுத்த கட்டுரைகளின் முகவரி அந்தக் கல்லூரிக்குள் மட்டுமே திறக்கும். அவற்றுக்கு, ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையாகக் கொடுக்கப்படும் டிஓஐ எண்ணைத் தேடிப் போட்டேன். குறுமுகவரிகளை விரித்து முழு முகவரியாக்கினேன்.

திறக்கிறது என்றால் இருக்கிறது என்று பொருளல்ல

இணைப்புகளைச் சோதிக்க இலவசக் கருவிகள் உண்டு. தாளைக் கொடுத்தால் எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று சொல்லிவிடும். அதில் போட்டதும் பெரும்பாலானவை திறப்பதாக வந்தது. அதை நம்பியிருந்தால் வேலை கெட்டிருக்கும். கண்ணால் திறந்து பார்த்தபோது, திறப்பவற்றில் பல வேறு இடத்துக்குப் போயின. ஓர் அரசுத் தளம் புதுப்பிக்கப்பட்டதில் பழைய உள்பக்கங்கள் எல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. ஒரு வட்டாரச் செய்தித் தளம் மூடப்பட்டு, அதே பெயரை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கண்மாயில் மிகை நீர் வெளியேறும் கலுங்குகளைப் பற்றிய வரிக்குச் சான்றாகச் சூதாட்டப் பக்கம்! ஒரு நாளிதழின் மின்னிதழ் இணைப்புகள் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் சந்தா கேட்டன.

இது இந்தத் தம்பிக்கு மட்டும் வந்த கேடு அல்ல. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் 2023-இல் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. முனைவர் பட்டப் பணி ஐந்தாறு ஆண்டு ஓடும். தொடங்கிய ஆண்டில் பார்த்த பக்கம் சமர்ப்பிக்கும் ஆண்டில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

செத்த இணைப்புகளுக்கு வேபேக் மெஷினில் தேடினேன். அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கிறது. 2001 முதல் பொதுமக்கள் அவற்றைப் பார்க்க முடிகிறது. பழைய முகவரியை அங்கே கொடுத்தால் எந்தெந்த நாளில் நகல் எடுக்கப்பட்டது என்று நாட்காட்டியில் காட்டும். நகலின் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அந்த நேரம் கிரீன்விச் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதிகாலை நாலு மணிக்கு எடுத்த நகல் முந்தின நாள் தேதியில் இருக்கும். தேதியைக் குறிக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

நகல் கிடைத்தால் போதாது. தம்பி பார்த்த அதே உள்ளடக்கமா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் மாவட்டக் கண்மாய்களின் எண்ணிக்கை ஒரு நகலில் ஒரு விதமாகவும் அடுத்த நகலில் வேறு விதமாகவும் இருந்தது. ஆய்வேட்டில் இருந்த எண் பழைய நகலோடு பொருந்தியது. அதையே இணைத்து, பிற்பாடு எண் மாறியிருப்பதையும் அடிக்குறிப்பில் தம்பி எழுதினார். அந்த அடிக்குறிப்பை நெறியாளர் தனியாகப் பாராட்டினார்.

இன்னும் உயிரோடு இருக்கும் பக்கங்களையும் விடவில்லை. வேபேக் மெஷினில் 'பக்கத்தை இப்போதே சேமி' என்று ஒரு வசதி இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் அன்றைய நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கட்டணம் இல்லை, கணக்கும் தேவையில்லை. சில தளங்கள் இதைத் தடுத்து வைத்திருக்கின்றன. அவற்றைப் பிடிஎப் ஆக அச்செடுத்துப் பின்னிணைப்புக் குறுந்தகட்டில் சேர்த்தோம்.

யார், எப்போது

நெறியாளரின் அடுத்த கேள்வி இது. கட்டுரையின் மேலே பெயர் இல்லாவிட்டால் தம்பி 'இணையம்' என்று எழுதியிருந்தார். பல பக்கங்களில் பெயர் கீழே, கடைசிப் பத்திக்குப் பின், சிறிய எழுத்தில் இருந்தது. தனிநபர் பெயர் இல்லாத இடங்களில் வெளியிட்ட துறையோ நிறுவனமோதான் ஆசிரியர். யூடியூப் காணொளி என்றால் ஏற்றியவரின் பெயர்; உள்ளே பேசுபவர் வேறு என்றால் அவர் பெயரை வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஓர் ஊர்ப் பெரியவர் மடை திறப்பதைப் பற்றிப் பேசும் காணொளிக்கு நிமிடமும் நொடியும் போட்டோம். நாற்பது நிமிடக் காணொளியை முழுக்கப் பார் என்று தேர்வாளரிடம் சொல்வது முறையல்ல.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. '2 ஆண்டுகளுக்கு முன்' என்று சில தளங்கள் காட்டும். அதன்மேல் சுட்டியை வைத்தால் முழுத் தேதி தெரியும், அல்லது பக்கத்தின் மூல நிரலில் இருக்கும். பக்கத்தின் அடியில் உள்ள காப்புரிமை ஆண்டை வெளியான ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல தளங்களில் அது ஒவ்வொரு ஜனவரியிலும் தானாக மாறும். எதுவும் கிடைக்காத இடங்களில் 'ஆண்டு இல்லை' என்று நேர்மையாக எழுதினோம்.

இணையப் பக்கத்துக்கு 'ப. 45' கிடையாது. அமெரிக்க உளவியல் கழகம் வகுத்த ஏபிஏ என்ற சான்று காட்டும் முறையில் பத்தி எண்ணையோ உட்தலைப்பையோ கொடுக்கலாம் என்கிறார்கள். நீண்ட கட்டுரைகளுக்கு உட்தலைப்பும் பத்தி எண்ணும் சேர்த்துக் கொடுத்தோம். படிப்பவர் தேட வேண்டியதில்லை.

விக்கிப்பீடியாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சான்றாகக் காட்டுவது கேவலம் என்று நினைத்துப் பலர் அங்கே படித்துவிட்டு, அதன் அடியில் உள்ள நூல்களைத் தாம் படித்ததுபோல எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்காது. அடியில் உள்ள நூலைத் தேடிப் படித்துவிட்டு அதைக் காட்டலாம். படிக்கவில்லை என்றால் விக்கிப்பீடியாவையே காட்ட வேண்டும், அன்று படித்த பதிப்பின் நிலை இணைப்போடு. பக்க வரலாற்றுக்குப் போனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி முகவரி இருக்கிறது. இந்த ஆய்வேட்டில் இரண்டு இடங்களில் மட்டும் விக்கிப்பீடியா மிஞ்சியது. இரண்டும் வெளிப்படையாக.

படித்தது எதுவோ அது

வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட பகுதி இது. வையையைப் பாடும் பரிபாடல் வரிகள் ஆய்வேட்டில் ஏராளம். எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு 'உ.வே.சா. பதிப்பு, 1918'. அந்தப் பதிப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "இல்லை அக்கா, கைப்பேசியில் மதுரைத் திட்டத்தில் படித்தேன். ஆனால் பதிப்பைத்தானே போட வேண்டும்?" என்றார்.

மதுரைத் திட்டம் பெயரில்தான் மதுரை. 1998 பொங்கலன்று தொடங்கி, உலகின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்து வருகிறார். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று எழுதியிருக்கும். நானும் விசைப்பலகையில் பிழைப்பவள். ஒரு சங்கப் பாட்டைப் பிழையில்லாமல் தட்டுவது எத்தனை கண்வலி என்று எனக்குத் தெரியும். கூலி வாங்காமல் அதைச் செய்தவர்களின் கோப்பிலிருந்து வரியை எடுத்துவிட்டு, பார்க்காத அச்சுப் பதிப்பின் பெயரைப் போடுவது அவர்கள் உழைப்பை அழிப்பது. தம்பியிடம் இதைக் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அறிவுக்கும் இதில் நட்டம் உண்டு. தட்டச்சில் ஒரு பிழை இருந்தால் அது அச்சுப் பதிப்பின் பிழையாகப் பதிவாகிவிடும்.

இரண்டு வழி இருந்தது. மின்பதிப்பைப் படித்ததாகவே எழுதுவது, அல்லது அச்சு நூலைப் பார்ப்பது. பாட வேறுபாடு பேசப்படும் வரிகளுக்கு மட்டும் அச்சு நூலைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். தம்பி புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், கிடைத்த பிற்காலப் பதிப்பில் வரிகளைச் சரிபார்த்து, அந்தப் பதிப்பின் பக்க எண்ணைக் குறித்து வந்தார். மற்ற வரிகளுக்கு மதுரைத் திட்டம் என்றே அடிக்குறிப்பு, தட்டச்சு செய்தவர் பெயரோடு. சரிபார்த்ததில் ஓரிடத்தில் ஒற்று மாறியிருந்தது. பார்த்ததால்தான் தெரிந்தது.

ஸ்கேன் செய்த பழைய நூல்களில் வேறு கணக்கு. ஜே.எச். நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடும், டபிள்யூ. பிரான்சிஸ் 1906-இல் எழுதிய மதுரை மாவட்ட கெஜட்டியரும் இன்டர்நெட் ஆர்க்கைவில் படமாக இருக்கின்றன. தம்பி கொடுத்த பக்க எண்கள் எதுவும் நூலோடு பொருந்தவில்லை. அவர் எடுத்தது திரையின் கீழே ஓடும் எண். அது அட்டை, முன்னுரை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிய படத்தின் எண். நூலில் அச்சாகியிருக்கும் பக்க எண் வேறு. பக்கத்தின் மூலையில் அச்சாகியிருக்கும் எண்ணைத்தான் எழுத வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றியதில்தான் அதிக நேரம் போனது.

இல்லாத கட்டுரைகள்

ஆங்கிலக் கட்டுரைகளின் பட்டியலில் சில மட்டும் வழுவழுப்பாக இருந்தன: ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம், டிஓஐ எல்லாம் அச்சுப் பிசகாமல். டிஓஐ எண் எப்போதும் 10 என்று தொடங்கி, ஒரு சாய்கோட்டுக்குப் பின் மிச்சம் வரும். டிஓஐ அமைப்பின் தளத்தில் அதைக் கொடுத்தால் நேராகக் கட்டுரைக்குப் போக வேண்டும். கொடுத்தேன். சில எண்கள் பதிவிலேயே இல்லை. ஒன்று திறந்தது, சம்பந்தமே இல்லாத மருத்துவக் கட்டுரைக்கு. தம்பியைக் கேட்டபோது, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் 'கண்மாய்ப் பாசனம் பற்றிய கட்டுரைகள் வேண்டும்' என்று கேட்டு வாங்கியது என்றார். இதழ்களின் தளத்தில் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து பார்த்தோம். அந்தப் பக்கங்களில் வேறு கட்டுரைகள் இருந்தன.

அந்தச் சான்றுகளை மட்டும் எடுத்தால் போதாது. அவற்றை நம்பி நின்ற வாக்கியங்களும் போக வேண்டும். 'எந்த வாக்கியத்துக்காக' என்ற நெடுவரிசை இருந்ததால் அவை எங்கே இருக்கின்றன என்று உடனே தெரிந்தது. நான்காம் இயலில் ஒரு பத்தியே போய்விட்டது. அந்த இடத்தில் தம்பி தன் ஊர்க் கண்மாயின் மடைக்கும் கலுங்குக்கும் நேரில் போய், அளந்து, நீர்பாய்ச்சியிடம் கேட்டு எழுதிச் சேர்த்தார். முன்பிருந்ததைவிட அது பல மடங்கு நல்ல பத்தி.

கோப்பது

இதற்குப் பிறகுதான் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம். பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள், அது தலைகீழ். துறை கேட்டது ஏபிஏ 7, கூடவே எல்லா இணையச் சான்றுக்கும் பார்த்த நாள். ஏபிஏ விதிப்படி மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்கு மட்டும்தான் பார்த்த நாள் வேண்டும். துறை சொன்னதே இறுதி என்பதால் எல்லாவற்றுக்கும் போட்டோம். டிஓஐ இருந்தால் அதையே முழு இணைப்பாகப் போட்டு, 'டிஓஐ' என்ற சொல்லை விட்டோம். அதுவும் ஏழாம் பதிப்பின் முறை.

சான்றுகளைத் தொகுத்துப் பட்டியலாக்கும் ஸோடெரோ என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் ஏற்றினேன். தமிழ்ப் பெயர்களில் அது தடுமாறும். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும். நமக்கு இருப்பதோ தகப்பன் பெயரின் தலைப்பெழுத்தும் சொந்தப் பெயரும். இரண்டு பெட்டியில் போட்டால் பெயரைத் தலைகீழாக்கிவிடும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒற்றைப் பெட்டியாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. தமிழ்ப் பெயர்கள் எல்லாவற்றையும் அதில் மாற்றி, பெயரை முன்னும் தலைப்பெழுத்தைப் பின்னும் வைத்தேன்.

அகரவரிசை கையால் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. யூனிகோடு அட்டவணையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருக்கிறது. குறியீட்டு எண்படி அடுக்கினால் 'அழகர்' முன்னும் 'அவ்வை' பின்னும் வரும். நம் வரிசையில் அவ்வைதான் முன். ஜகரப் பெயர்கள் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே போய் நிற்கும். தமிழ்த் துறை ஆய்வேட்டில் அகரவரிசை பிசகினால் தேர்வாளர் வேறெதையும் பார்க்கமாட்டார்.

ஆய்வேட்டின் வரிகள் பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையிலும் ஒரு விஷயம் வெளிப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை; அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். துணைநூற்பட்டியலும் முறையாகக் காட்டிய மேற்கோளும் கணக்கில் வராது. ஆனால் தம்பி அடிக்குறிப்பு போட்டிருந்தாலும் மேற்கோள் குறி போடாமல் வரிகளை அப்படியே எடுத்திருந்தார். சான்று இருக்கிறதே என்றார். சான்று, கருத்து யாருடையது என்று சொல்கிறது. சொற்கள் யாருடையவை என்று சொல்ல மேற்கோள் குறிதான் வேண்டும். குறி போட்ட பிறகு சதவீதம் நன்றாக இறங்கியது.

செலவும் அடுத்த முறையும்

மென்பொருள் செலவு எதுவும் இல்லை. ஸோடெரோவில் 300 எம்பி வரை இலவசம்; இந்தப் பட்டியலுக்கு அது தாராளம். சான்று ஒன்றுக்கு 15 ரூபாய் வீதம் தம்பியிடம் வாங்கினேன். படமாக இருந்த பழைய நூல்களுக்கு அந்தக் கூலி கட்டுபடியாகவில்லை. அடுத்து வருபவர்களிடம் அவற்றுக்கு 30 கேட்பேன். திருத்திய பக்கங்களின் அச்சுக்கூலி பக்கத்துக்கு 2 ரூபாய். ஏற்கெனவே பைண்டிங் செய்த பிரதிகளைப் பிரித்து மறுபடி கட்டியது தனிச் செலவு, பிரதிக்கு 300. இணைப்புகளைச் சரிபார்க்கும் முன்பே பைண்டிங்குக்குக் கொடுத்தவர்களுக்கு இந்தத் தொகை வீண்.

இனி என் கடைக்கு வரும் ஆய்வேடுகளுக்குச் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். கோப்பை வாங்கும்போதே மூல எழுத்துருவில் உள்ள பிரதியையும் கேட்கிறேன். பட்டியலை மட்டும் பைண்டிங்குக்கு முன் தனியாக வாங்கி, இணைப்புகளைத் திறந்து பார்த்த பிறகே முழு அச்சு. பதிவு செய்துவிட்டு, தலைப்பும் அமையாத நிலையில் சுருக்கம் தட்டச்சு செய்ய வரும் முதலாண்டு மாணவர்களுக்கு அரைத்தாள் படிவம் ஒன்று அடித்து இலவசமாகக் கொடுக்கிறேன்: எழுதியவர், தலைப்பு, வெளியான நாள், முகவரி, பார்த்த நாள், காப்பக நகலின் எண், எந்த வாக்கியத்துக்காக, அச்சில் பார்த்ததா திரையில் பார்த்ததா. பக்கத்தைப் படித்த அன்றே நிரப்பச் சொல்கிறேன். கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது அந்தத் தம்பிதான். படிவத்தில் கூகுளுக்கு இடம் இல்லை.